பன்னீர் ரோஜாவின் வெயில்

சித்திரை பிறந்தால் திருச்சியில் ரோஜாப் பூ சிறுத்துவிடும். காலையில் விரிகிற மொட்டு, மதியத்துக்குள் ஓரம் கருகி, நிறம் வெளுத்து, மாலையில் உதிர்ந்து கிடக்கும். இங்கிலீஷ் ரோஜா என்றால் இன்னும் கொடுமை. அடுக்கடுக்கான இதழ்கள் கிண்ணமாக விரிய நேரம் வேண்டும். கத்திரி வெயில் அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை.

இங்கிலீஷ் ரோஜாக்களை உருவாக்கிய டேவிட் ஆஸ்டினின் ‘கிரஹாம் தாமஸ்’ மஞ்சள் ரோஜாவை நான் பார்த்தது பெங்களூரில், சிநேகிதி வீட்டு முற்றத்தில். 1983இல் வெளிவந்த ரகம். 1961இல் அவர் தந்த ‘கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை’ ஆண்டுக்கு ஒரு முறைதான் பூக்கும். பழைய ரோஜாக்களின் உருவும் மணமும் வேண்டும், திரும்பத் திரும்பப் பூக்கவும் வேண்டும் என்று ஆயுள் முழுக்கச் செடிகளை இணைத்துக்கொண்டே இருந்தார் அந்த மனிதர். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் அந்தப் பூவை முகர்ந்தபோது நினைவுக்கு வந்தது, கிணற்றடியில் அத்தை வளர்த்த பன்னீர் ரோஜாதான். எட்வர்டு ரோஸ் என்பாள். “குச்சிய நட்டு வை, அது பாத்துக்கும்” என்பாள். அதிலும் அதே நெருக்கமான இதழ்கள், அதே மணம். அது பூர்பன் இனம். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில், வேலிக்கு வைத்த சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் தானாகக் கலந்து உண்டானது. பிறந்ததே வெப்பத்தில். அதற்கு நம் கோடை எப்படிப் புதிதாகும்?

கொடைக்கானலில் எம்.எஸ். வீரராகவனும் கிரிஜா வீரராகவனும் பல ஆண்டுகள் உழைத்தது, வெப்பத்துக்குப் பழகிய ரோஜாக்களைத் தேடும் இந்த வழியில்தான். மணிப்பூர் மலைகளின் ஜைஜான்டியா, சமவெளி நீர்க்கரைகளின் கிளைனோஃபில்லா என்ற காட்டு ரோஜாக்களைக் கொண்டு வெப்ப நாடுகளுக்கான ரகங்களை உருவாக்கினார்கள். அவற்றில் ஒன்றுக்குத் தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் பெயர். இந்த வேலையை நம்மூரில் இன்னும் நிறையப் பேர் அறிந்திருக்க வேண்டும்.

இங்கிலீஷ் ரோஜா வளர்க்கவே கூடாது என்பதில்லை. காலை வெயில், மதிய நிழல், தொட்டியில் தேங்காய் நார் மூடாக்கு, விடியலில் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் கவாத்து செய்தால் தையில் நல்ல பூ பார்க்கலாம். கோடையில் செடி பிழைத்தாலே போதும். பூவை எதிர்பார்த்து வதைக்கக் கூடாது.

நர்சரிக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அட்டைப் படத்தைக் காட்டி இங்கிலீஷ் ரோஸ் கேட்பதற்கு முன், ஒரு பன்னீர் ரோஜாக் கன்று வாங்கி வையுங்கள்.