சிங்கப்பூர் கணக்கு நோட்டு

2018. பேரனுக்கு 15, பேத்திக்கு 13. ஓய்வூதியச் சேமிப்பில் கை வைத்துத்தான் சிங்கப்பூர் கிளம்பினோம். பிள்ளைகள்தானே என்று எல்லாவற்றுக்கும் அரை டிக்கெட் போட்டு நோட்டில் எழுதியிருந்தேன். போன பிறகுதான் தெரிந்தது, யுனிவர்சல் ஸ்டூடியோஸில் 12 வயது தாண்டினால் முழுக் கட்டணமாம். தலைக்கு 80 டாலர் வாக்கில். நம் பணத்தில் 4,000 ரூபாய்! கணக்கு உதைத்தது. டெக்கா சென்டரில் சாப்பாடு, குழாய்த் தண்ணீர், எம்.ஆர்.டி. என்று இழுத்துப் பிடித்தேன்.

மூன்றாம் நாள் நோட்டைத் திறந்தால், யுனிவர்சல் வரியைப் பேரன் பென்சிலால் அடித்து வைத்திருக்கிறான். “சூப்பர் ட்ரீ லைட் ஷோ இலவசம் தாத்தா, அது போதும்” என்றான். அன்றிரவு நால்வரும் தரையில் மல்லாந்து படுத்து அதைப் பார்த்தோம். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

மறுநாள் அவர்கள் இருவருக்கு மட்டும் டிக்கெட் எடுத்தேன். நானும் வீட்டுக்காரியும் வாசலில் சுழலும் பெரிய உருண்டை முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டோம். அதற்குக் காசில்லை.