வெளியே பார்க்கும் மொட்டு

கொடைக்கானலை ஒட்டிய வில்பட்டியில் ஜனவரி முதல் வாரக் காலை. புல்லில் உறைபனி இன்னும் கரையவில்லை. இலையுதிர்ந்து குச்சி குச்சியாக நின்ற பிளம்ஸ் கன்றுகளுக்கு நடுவே கவாத்து நடந்துகொண்டிருந்தது.

கத்திரி பிடித்திருந்த பெரியவருக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். ஒரு கன்றை மூன்று முறை சுற்றி வந்தார். அதுவரை கத்திரி திறக்கவே இல்லை.

“மழை ஓயணும், இலை கொட்டணும். மொட்டு வீங்குறதுக்கு முந்தி முடிச்சிடணும் சார். ஈரத்துல வெட்டுனா வெட்டுவாய் அழுகும்” என்றார். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் பிளம்ஸைத் தொடமாட்டார்கள். வெட்டுக்காயம் வழியாக வெள்ளி இலை நோய்ப் பூசணம் புகும் என்பதால், இளங்கன்றை வசந்தத்தின் தொடக்கத்திலும் காய்க்கும் மரத்தைக் கோடையிலும் வெட்டுவார்கள். நம் மலையில் வடகிழக்குப் பருவமழை விட்டபின், டிசம்பர், ஜனவரியில்தான் கவாத்து.

நட்டதும் தண்டை இரண்டரை அடி உயரத்தில் வெட்டிவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு பல திசையில் போகும் மூன்று, நான்கு வாதுகளை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். அவையும் ஒரே இடத்திலிருந்து கிளம்பாமல், அரைச் சாண் இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கவேண்டும். நடுவே நேராக ஏறும் போத்தை எடுத்துவிடுகிறார்கள். “குடையக் கவுத்துப் புடிச்ச மாதிரி நிக்கணும். வெயில் உள்ள எறங்கணும்.” ஒட்டுக்குக் கீழே வெடிக்கும் துளிருக்கு மட்டும் யோசனையே இல்லை, கண்ட உடனே கிள்ளிவிடுகிறார்.

கவையை விரலால் அளந்து காட்டினார். இரண்டு வாதும் ஒட்டி ஒட்டி ஏறினால் இடையில் பட்டை மாட்டிக்கொள்ளும், மரம் மரத்தோடு சேராது. எனக்கு வலித்தது. என் வீட்டுக் கொல்லையில் வைத்த கன்றை மனம் வராமல் நான் வெட்டாமலே வளர்த்தேன். நான்காம் ஆண்டு, காய் நிறைந்த வாது அப்படிப்பட்ட கவையில்தான் பிளந்து, பட்டையோடு அடிவரை உரிந்து விழுந்தது.

அவருக்குப் பின்னால் ஒரு அக்கா கொட்டாங்குச்சியில் நீலப் பசையோடு வந்தார். நூறு கிராம் மயில்துத்தம், நூறு கிராம் சுண்ணாம்பு, ஒரு லிட்டர் தண்ணீர்: போர்டோ பசை. தேய்த்துப் பளபளப்பாக்கிய கத்தியை அதில் முக்கி எடுத்தார். அலகில் செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்கவேண்டும். படியவில்லை. விரலால் தொட்டு ஒவ்வொரு வெட்டுவாயிலும் அப்பினார்.

கவாத்து சில வாரங்கள்தான். முடிந்தால் இருவரும் பூண்டுக் காட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். இந்தக் கன்றுகள் காய்க்க இன்னும் இரண்டு, மூன்று ஆண்டாகும். அன்றைய பழத்தை இன்றே கண்ணில் பார்த்து வெட்டுகிறவருக்குக் களை பறிக்கும் அதே நாள்கூலி. இது நியாயமே இல்லை.

புறப்படும் முன் கத்திரியை என் கையில் கொடுத்தார். வெளிப்பக்கம் பார்த்த மொட்டைத் தேடி, கால் அங்குலம் மேலே சாய்வாக வைத்தேன். “அலகு மரத்துப் பக்கம் வரணும் சார், இல்லாட்டி நிக்கிற குச்சி நசுங்கும்” என்று என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிவிட்டார். வெட்டினேன். உள்ளே பச்சை வளையம் ஈரமாகப் பளிச்சென்றது. அக்காவின் நீல விரல் அதற்குள் அங்கே வந்திருந்தது.