கண்டி வாவியில் ஒரு வெள்ளோட்டம்

மலைநாட்டார்க்கும் கடலுக்கும் என்ன உறவு என்று கேட்போர் உளர். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில், குன்றுகள் அரண் செய்ய வீற்றிருக்கும் கண்டி மாநகரிலே இருந்துகொண்டு, பாயையும் காற்றையும் பற்றிப் பேசுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் இந்நகரின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். அரசியரும் வணிகரும் படையெடுத்தோரும் தொழிலாளரும் கடல் கடந்தே இங்கு வந்தனர். இந்நகரை விட்டுப் பிரிக்கப்பட்டோரும் ஈற்றிலே கடற்கரையில் நின்றுதான் விடைபெற்றனர்.

சில ஆண்டுகளாக நானும் என் துணைவியாரும் வார விடுமுறை நாட்களிற் கண்டியையும் அதன் சுற்றுப்புறங்களையும் நீர்மேல் இருந்து பார்த்து வருகின்றோம். நான் ஹந்தானை மலைச்சாரலில், தேயிலைத் தோட்டத்திலே பிறந்தவன். அவரோ வல்வெட்டித்துறைக்காரர். அவ்வூரிற் கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்ததும், அதிலே அவ்வூர் மாலுமிகள் சென்றதும் பலர் அறிந்த செய்தி. அத்தகைய ஊரிலே பிறந்தவருக்குக் கடல் ஒரு வீதி. என் முன்னோர்க்கோ அது ஒருமுறை கடந்துவிட்டாற் பின்னர் திரும்ப இயலாத எல்லைக்கோடு. இவ்விருவகை மனிதரும் ஒரே படகிலே அமர்ந்தால் உரையாடலுக்குக் குறைவிராது.

பாற்கடல்

எங்கள் நீர்ப்பயணம் கண்டி வாவியிலே தொடங்கியது. சனிக்கிழமை காலையிற் கட்டுக்கலை செல்வ விநாயகரை வணங்கிவிட்டு, வாவிக்கரைக்கு வந்து, சுற்றுலாப் படகில் ஏறிக்கொள்வோம். நீர்க்காகங்கள் சிறகு விரித்து வெயில் காயும். ஆமைகள் தலையை நீட்டிப் பார்த்து மீண்டும் அமிழும். தலதா மாளிகையின் எண்கோண மண்டபமும், அதற்கப்பால் உடவத்தக்கலைக் காடும் நீரிலே தலைகீழாய் ஆடும்.

இவ்வாவி இயற்கையானதன்று. வயல்வெளியாய் இருந்த இடத்திலே அணை கட்டுவித்து, 1807ஆம் ஆண்டளவில் இதனை அமைத்தவன் கண்டியின் கடைசி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன். நாயக்கர் குலத்தவனாகிய அவனுக்குத் தென்னிந்தியாவிலிருந்து அரசியர் வந்தனர். சிங்கள மக்கள் இவ்வாவிக்கு இட்ட பெயர் ‘கிரி முஹுத’, அதாவது பாற்கடல். கரையோரத்து மதிலுக்கோ முகில் மதில் என்று பெயர். மலைகளுக்கு நடுவே ஒரு கடல். அதன் கரையிலே முகில்! கடலைக் காணாத தலைநகருக்கு அம்மன்னன் கையாலே ஒரு கடலைச் செய்து கொடுத்தான் எனலாம்.

உண்மைக் கடலையும் அவன் காண நேர்ந்தது. 1815 பெப்ரவரி 18ஆந் திகதி, நகருக்குக் கிழக்கே மெதமகாநுவரைப் பகுதியில் அவன் பிடிபட்டான். 1816 ஜனவரியிலே, கொழும்பிலிருந்து ஆங்கிலேயரின் கப்பலில் அவனையும் அவன் குடும்பத்தாரையும் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பினர். வேலூர்க் கோட்டையிற் சிறையிருந்து 1832ஆம் ஆண்டில் அவன் உயிர் நீத்தான். பாலாற்றங்கரையிலுள்ள முத்து மண்டபத்தில் அவனது சமாதி இருக்கின்றது. வாவியின் நடுவேயுள்ள சிறு தீவை ஆங்கிலேயர் வெடிமருந்துச் சாலையாக்கினர். இன்று அதனைச் சுற்றிப் படகு செல்கையில், புகைப்படம் எடுக்கும் இளைஞருக்கு இக்கதையை யாராவது சொல்லலாகாதா என்று என் ஆசிரிய மனம் ஏங்கும்.

ஆறும் நீர்த்தேக்கமும்

வாவியைச் சுற்றி அலுத்தபின் மகாவலியை நாடினோம். 335 கிலோமீற்றர் ஓடும் இந்நாட்டின் மிக நீண்ட நதி, கண்டியை மூன்று புறமும் வளைத்துச் செல்கின்றது. பேராதனைப் பூந்தோட்டம் அதன் வளைவொன்றிலே அமைந்தது. பொல்கொல்லையில் 1976ஆம் ஆண்டில் எழுந்த அணை, ஆற்று நீரின் ஒரு பகுதியை ஏறக்குறைய 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே உக்குவளைக்குத் திருப்பி, வரண்ட வடக்கு வயல்களுக்கு அனுப்புகின்றது. எஞ்சிய ஆறு கிழக்கே சென்று, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவிற் கடலோடு கலக்கின்றது. பாறை நிறைந்த இவ்விடங்களிற் படகோட்டம் எளிதன்று. கரையோரம் நடந்து திரிந்ததோடு நிறுத்திக்கொண்டோம்.

உண்மையான ஓட்டம் விக்டோரியா நீர்த்தேக்கத்திலே வாய்த்தது. 122 மீற்றர் உயரமான அணையுடன் 1985ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்ட பெருந் தேக்கம் இது. இதற்காகப் பழைய தெல்தெனிய நகரம் நீருக்கு இரையாயிற்று. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது, அந்நகரின் கட்டடச் சிதைவுகள் மேலே தோன்றுவதுண்டு. பழைய குடிகள் வந்து, தம் வீடு இருந்த இடம் எதுவென்று தேடிப் பார்ப்பர்.

இங்கு மீன்பிடிக்கும் பெரியவர் ஒருவர் எங்களுக்கு நண்பரானார். ஒருநாட் பிற்பகல், காற்று நன்றாக வீசத் தொடங்கியதும், தமது வள்ளத்திலே மூங்கிற் கம்பொன்றை நாட்டி, உரப்பைகளைப் பிரித்துத் தைத்த பாயை விரித்தார். துடுப்பு ஓய்ந்தது, வள்ளம் தானே நகர்ந்தது. என் துணைவியாரின் முகத்தில் ஒரு சிறுமியின் மகிழ்ச்சியைக் கண்டேன். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து எழுவது சோளகம், மேற்கே கச்சான், கிழக்கே கொண்டல் எனத் தம் தந்தையார் கற்பித்த காற்றுகளை அவர் எனக்குக் கற்பித்தார். மலைகளுக்கிடையே புகுந்துவரும் காற்றோ எந்த இலக்கணத்துக்கும் அடங்காமல் திசை மாறிக்கொண்டிருந்தது.

“நாங்கள் எத்தனை மணிக்குக் கரை சேருவோம்?” என்று கேட்டேன்.

“இஞ்சருங்கோ, காற்றுக்கு நேரசூசி இல்லை,” என்றார் அவர்.

அன்றுதான் இந்தியப் பிரயாணம் பற்றிய பேச்சும் எழுந்தது.

பிறர் எழுதிய பயணங்கள்

அப்பிரயாணத்தைப் பற்றிக் கூறுமுன், அதற்கு முந்திய பயணங்களைக் கூறுதல் வேண்டும்.

திட்டமின்றி வந்தவர்களிற் பெயர் பெற்றவன் றொபேட் நொக்ஸ். புயலிலே சேதமுற்ற கப்பலைச் செப்பனிடக் கொட்டியாரக் குடாவில் இறங்கிய அவ்வாங்கில இளைஞனை, 1660ஆம் ஆண்டில் கண்டி மன்னனின் ஆட்கள் பிடித்துச் சென்றனர். ஏறக்குறைய 20 ஆண்டுகள் கண்டிச் சீமைக் கிராமங்களிலே கழித்தபின், 1679இல் அரிப்புக்குத் தப்பிச் சென்றான். அவன் 1681இல் வெளியிட்ட நூல் இன்றும் வரலாற்றாசிரியர்க்குத் துணைபுரிகின்றது. எதிர்பாராத பயணம் அவனுக்குப் புகழ் தந்தது உண்மையே. ஆனால் திரும்பும் வழி அடைபட்ட பயணம் சிறை என்பதையும் அவன் கதை காட்டுகின்றது.

எம்மவர் வந்த கதை வேறு. 1820களிலே கண்டிச் சீமையிற் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து, மாத்தளையைக் கடந்து கண்டியை அடைந்தனர். நோயாலும் பசியாலும் வழியிலே மாண்டோர் பலர். மாத்தளை முத்துமாரியம்மனை வணங்கும்போது அந்நடையாளரை நினையாதிருத்தல் இயலாது. பிற்காலத்திற் புகைவண்டியும் கப்பலும் வந்தன. 1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற் சேவை தொடங்கியது. தொழிலாளி எந்தத் தோட்டத்துக்குப் போகவேண்டும் என்பதைக் காட்டும் தகரத் துண்டு அவன் கழுத்திலே தொங்கியது. பயணத்தின் முடிவு அத்தகரத்திலேயே பொறிக்கப்பட்டிருந்தது.

திரும்பிச் சென்றதும் அவ்வாறே. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டில் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. தனுஷ்கோடியை 1964 டிசம்பர்ப் புயல் அழித்துவிட்டமையால், பின்னர் சென்றோர் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலேறினர். அவர்களைத் தலைமன்னாருக்குச் சுமந்து சென்ற புகையிரதத்துக்கு மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ எனப் பெயரிட்டனர்.

எங்கள் குடும்பமும் அக்கோச்சியினாலே இரண்டானது. பெரியப்பாவுக்கு இந்தியப் பிரசாவுரிமை. என் தந்தையாருக்கு இலங்கைப் பிரசாவுரிமை. மூத்த மகனோடு பாட்டியும் சென்றார். யான் பிறக்குமுன்னரே நிகழ்ந்த பிரிவாதலால் அவர் முகத்தை யான் கண்டதில்லை. நீலகிரியின் கோத்தகிரியிலிருந்து சில காலம் கடிதங்கள் வந்தன. தாயகம் திரும்பியோர்க்கென 1968ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் திட்டத்திலே பெரியப்பாவுக்கு வேலை கிடைத்ததாம். இங்கே விட்ட கொழுந்தை அங்கே பறித்திருக்கிறார்! பின்னர் கடிதங்கள் அருகி, அற்றுப்போயின. தந்தையார் மறைந்தபின் அவரது பெட்டியிலே யான் கண்டது மங்கிய முகவரியுடன் கூடிய ஒரு நீலநிற ஆகாயத் தபால் மாத்திரமே.

எழுதாத ஏடு

அம்முகவரியைத் தேடிச் செல்வதென இருவரும் தீர்மானித்துள்ளோம். கடல்வழியே செல்லவேண்டும் என்பது என் துணைவியாரின் ஒரே நிபந்தனை. காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்குமிடையே 2023 ஒக்டோபர் 14ஆந் திகதி பிரயாணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. இடையிலே நின்று, 2024 ஆகஸ்ட் 16ஆந் திகதி மீண்டும் புறப்பட்டது. ஏறக்குறைய 110 கிலோமீற்றர்த் தூரம். நான்கு மணி நேரப் பிரயாணம். கடல் கொந்தளிக்கும் பருவத்திற் கப்பல் ஓய்ந்துவிடும். ஆகவே முதல் முடிவு எங்களுடையதன்று, காற்றினுடையது.

கல்லூரி ஆசிரியனாகிய யான் பழக்கத்தின்படி ஒரு தாளை எடுத்து, நாள்வாரியாக அட்டவணை போட முற்பட்டேன். துணைவியார் அதனை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது பாடத்திட்டம், பிரயாணம் இல்லை,” என்றார். ஈற்றிலே உடன்பாடு ஒன்று ஏற்பட்டது. புறப்படும் பருவம், வீடு திரும்பவேண்டிய நாள், கோத்தகிரி ஆகிய மூன்றையுமே எழுதினோம். எஞ்சிய பக்கம் வெறுமையாய் இருக்கின்றது. நாகையில் இறங்கித் திருவாரூருக்குச் செல்வதோ, தஞ்சைப் பெருங்கோயிலில் இரண்டு நாள் தங்குவதோ, மேட்டுப்பாளையத்தில் மலையேறும் பஸ்வண்டிக்குக் காத்திருப்பதோ, வழியிற் காண்போரும் எங்கள் கால்களும் முடிவு செய்யட்டும். முடிந்தால் வேலூருக்கும் சென்று, எங்கள் வாவியை அமைத்தவனுக்கு ஒரு பிடி மலர் தூவி வருவோம்.

இவ்வாறு செல்ல விரும்பும் குடும்பத்தினர்க்கு ஒரு வார்த்தை. ஏட்டை வெறுமையாக விடலாம். பையை வெறுமையாக விடலாகாது. கடவுச்சீட்டின் காலம் முடியாதிருத்தல் வேண்டும். நுழைவு அனுமதியை முன்னரே பெறுதல் வேண்டும். கண்டியிலேயே இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் இருப்பது எமக்கு வசதி. நாள்தோறும் உட்கொள்ளும் மருந்து, திரும்பும் செலவுக்கெனத் தனியே முடிந்து வைத்த பணம், உற்றார் ஒருவரிடம் கொடுத்து வைத்த கடிதப் பிரதிகள் ஆகியன இருந்தால், வழி தவறினாலும் மனம் தவறாது. வள்ளத்திலே பாயை விரித்த பெரியவரும் துடுப்பைக் கரையில் வைத்துவிட்டு வரவில்லை.

கோத்தகிரியில் யாரைக் காண்போம் என்பதை அறியோம். பெரியப்பாவின் பிள்ளைகள் இருக்கலாம். வேறூருக்குப் பெயர்ந்தும் இருக்கலாம். அவர்கள் எங்களை அணைத்துக்கொள்வரோ, அந்நியராய்ப் பார்ப்பரோ, அதுவும் தெரியாது. தெரியாமற் செல்வதைச் சிலர் துணிவு என்பர். அதனை ஒரு பாக்கியம் என்றே யான் கருதுகின்றேன். என் பாட்டனாரின் கழுத்துத் தகரத்திலே அவருடைய பயணத்தை ஒரு தோட்டம் எழுதிற்று. என் பாட்டியாரின் பயணத்தை இரண்டு அரசாங்கங்கள் எழுதின. இந்நாட்டில் எஞ்சியிருந்த எம்மவரின் பிரசாவுரிமைப் பிணக்கைத் தீர்க்க 2003ஆம் ஆண்டிற் சட்டம் வந்தது. கையிலே கடவுச்சீட்டுடன், திரும்பிவர ஒரு வீட்டுடன், எங்கே போவது என்பதைத் தாமே தீர்மானிக்கும் உரிமை, எங்கள் குடும்பத்தில் இத்தலைமுறைக்கே வாய்த்தது.

மாணவச் செல்வங்களே, நீங்களும் ஒருநாள் கடல் கடப்பீர்கள். கல்விக்காகவும் தொழிலுக்காகவும் செல்லும்போது, எல்லாம் வகுத்துத்தான் செல்லவேண்டியிருக்கும். அதற்கு முன்னர், விடுமுறையொன்றிலாவது அண்மையிலுள்ள குளத்துக்கோ ஆற்றுக்கோ செல்லுங்கள். அந்நீர் எங்கிருந்து வந்தது, எங்கே போகின்றது, அதன் கரையிலே யார் யார் வந்து நின்றனர், யார் யார் விடைபெற்றனர் என்று பெரியோரிடம் கேளுங்கள். பாட்டியின் பெட்டியிலே பழைய கடிதம் ஏதேனும் கிடந்தால், அதிலுள்ள முகவரியை இன்றே ஒரு தாளிற் படியெடுத்து வையுங்கள். மை மங்கிக்கொண்டே இருக்கின்றது.