பாய்ந்ததா, பாய்ச்சினாரா?

நின்றுகொண்டிருந்த கார் திடீரென வேகமெடுத்துச் சுவரிலோ கடையிலோ மனிதர்மீதோ மோதுகிறது. இந்நிகழ்வுக்குக் கொரிய மொழியில் வழங்கும் பெயர் ‘குப்பல்ஜின்’. திடீர்ப் புறப்பாடு என்பது அதன் பொருள், புறப்படுவது வண்டி. ஜப்பானிய மொழியில் பெரிதும் வழங்கும் பெயர் ‘ஃபுமிமச்சிகாய்’. மிதிப்பதில் நேரும் பிழை என்பது அதன் பொருள். மிதிப்பது மனிதனின் கால். விசாரணை தொடங்குமுன்பே, நிகழ்வின் பெயர் ஒரு தரப்பை நோக்கி விரலை நீட்டிவிடுகிறது.

தமிழில் இதற்குத் தனிப்பெயர் தேவையில்லை. வினையடியே இவ்வேறுபாட்டைச் சுமக்கிறது. ஓடியது – ஓட்டினார், நின்றது – நிறுத்தினார், பாய்ந்தது – பாய்ச்சினார். வினையின் விளைவு எழுவாயின் மேலேயே நிகழ்கிறதா, வேறொன்றின்மேல் செலுத்தப்படுகிறதா என்பதே இவ்விணைகளின் அடிப்படை என்பதைக் கு. பரமசிவம் 1979இல் வெளிவந்த தம் ஆய்வுநூலில் விரிவாக நிறுவினார். தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களின் முதல் தகவல் அறிக்கைகளைப் படித்தவர்கள் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’ என்னும் தொடரை அறிவர். அங்கே ‘ஓட்டி’ என்ற வினையெச்சம் வந்த கணத்தில் குற்றத்திற்கு ஓர் ஆள் கிடைத்துவிடுகிறார். ‘ஓடி வந்து’ என எழுத அப்படிவத்தில் மரபில்லை.

பெரும்பாலான வழக்குகளில் ஆய்வுகள் காலின் பக்கமே சாய்ந்துள்ளன என்பதை மறைக்கவேண்டியதில்லை. 2019 ஏப்ரலில் டோக்கியோவின் இகெபுகுரோவில் 87 வயது முதியவர் ஓட்டிய கார் ஒரு தாயையும் அவருடைய மூன்று வயது மகளையும் கொன்றது. வண்டியில்தான் கோளாறு என அவர் வாதிட்டார்; நீதிமன்றம் அதை ஏற்காமல் 2021இல் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 2024 ஜூலை முதல் நாள் சியோல் மாநகராட்சி அலுவலகத்தின் அருகே ஒரு கார் ஒன்பது பேரைக் கொன்றது. பிரேக் பிடிக்கவில்லை என்றார் ஓட்டுநர். ஆக்சிலரேட்டர் பெடலின் தடம் அவருடைய காலணி அடியில் பதிந்திருந்ததைத் தடயவியலார் கண்டனர். இரு ஓட்டுநர்களும் பொய் சொன்னார்கள் என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால் பிரேக்கை மிதிப்பதாக நம்பி ஆக்சிலரேட்டரை மிதிப்பவர், வண்டி விரைய விரைய இன்னும் அழுத்தமாகவே மிதிப்பார். அவர் அனுபவத்தில் அது உண்மையாகவே பிரேக் பிடிக்காத வண்டி.

எல்லா வழக்குகளும் இப்படித் தீர்வதில்லை. 2022 டிசம்பரில் கொரியாவின் கங்னங் நகரில் பாட்டி ஓட்டிய கார் கட்டுக்கடங்காமல் விரைந்து விழுந்ததில், உடனிருந்த 12 வயதுப் பேரன் இறந்தான். காவல்துறை பாட்டிமீது வழக்கை மேற்செலுத்தாமல் முடித்துக்கொண்டது. தயாரிப்பாளர்மீது குடும்பம் தொடுத்த வழக்கில், வண்டியில் குறை இருந்ததென்பதை 2025இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஓட்டியவர்மீதும் குற்றமில்லை, ஓடியதன்மீதும் குற்றமில்லை. ஒரு சிறுவனின் இறப்பு வினைமுதல் இல்லாத வாக்கியமாக நிற்கிறது.

இப்பொருளில் முதற்பெரும் பொதுவிவாதம் அமெரிக்காவில் 1986இல் எழுந்தது. ‘60 மினிட்ஸ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சி ஆடி 5000 என்ற காரைப் பற்றிய புகார்களை ஒளிபரப்பியது. 1989இல் வெளிவந்த அரசு ஆய்வு, பெரும்பாலும் பெடலை மாற்றி மிதித்ததே காரணம் என்றது. அதோடு நிற்கவில்லை. எஞ்சினின் சும்மா ஓடும் வேகத்தைச் சீராக்கும் கருவியில் ஏற்படும் கோளாறு வண்டியைச் சற்றே துள்ளவைத்து ஓட்டுநரைத் திடுக்கிட வைத்திருக்கலாம் என்பதையும், பெடல்களின் அமைவு பிழைக்கு இடம் தந்திருக்கலாம் என்பதையும் குறிப்பிட்டது. தீர்வு எங்கிருந்து வந்தது என்பது அதைவிட முக்கியம். பிரேக்கை மிதித்தாலன்றிக் கியரை ‘பார்க்’ நிலையிலிருந்து நகர்த்த முடியாத பூட்டு அக்கார்களில் பொருத்தப்பட்டது. இன்று ஆட்டோமேட்டிக் கார்களில் அது இயல்பான உறுப்பாகிவிட்டது. பிழை காலுடையது எனத் தெரிந்த பின்னரும் திருத்தப்பட்டது எந்திரம்.

மின்வாகனம் இப்பழைய சிக்கலைக் கூர்மையாக்குகிறது. மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசையைத் தரவல்லது. உறுமி எச்சரிக்க எஞ்சின் இல்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வேகம் குறைந்து, சில வண்டிகள் முற்றிலும் நின்றும்விடுவதால், நாள் முழுதும் ஒரே பெடலில் ஓட்டலாம். நெருக்கடியில் மட்டும் கால் இன்னொரு பெடலைத் தேடவேண்டும். டெஸ்லா கார்கள் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டவற்றை உள்ளடக்கிய ஒரு மனுவை அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2021 ஜனவரியில் தள்ளுபடி செய்தது; சான்றுகள் பெடல் பிழையையே காட்டுகின்றன என்றது. அதே நிறுவனத்தின் சைபர்டிரக் 3,878 வண்டிகளை 2024 ஏப்ரலில் திரும்ப அழைக்கவேண்டியிருந்தது. அங்கே குற்றம் காலுடையது அன்று. பெடல் உறையைப் பொருத்த எளிதாக இருக்குமென்று தொழிற்சாலையில் தடவிய சோப்பு எஞ்சி, உறை நழுவி, பெடலை அழுத்திய நிலையிலேயே சிக்கவைக்கக்கூடியதாக இருந்தது. முந்தைய தீர்ப்பை அடுத்த வண்டிக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதற்கு ஒரு துளி சோப்பே போதுமான சான்று.

ஓட்டுநர் உதவி அமைப்புகள் வந்தபின் கால் என்ற ஒன்றே காட்சியிலிருந்து விலகுகிறது. 2018 மார்ச் 23 அன்று கலிபோர்னியாவின் மவுண்டன் வியூவில் ஆட்டோபைலட் இயங்கிய ஒரு கார், சாலை பிரியும் முனையிலிருந்த தடுப்பை நோக்கித் தானே திரும்பியது. முன்னே சென்ற வண்டி இப்போது அதன் பாதையில் இல்லை. ஆகவே நிர்ணயித்து வைத்த வேகத்தை எட்டுவதற்காக மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டரிலிருந்து 114 கிலோமீட்டருக்கு விரைந்து மோதியது. அந்த வேகத்தை எந்தக் காலும் தரவில்லை. எந்தக் கருவியும் பழுதாகவும் இல்லை. ஓட்டுநர் கைபேசி விளையாட்டில் மூழ்கியிருந்தார். அவர் கவனிக்கிறாரா என்பதை அமைப்பு போதுமான அளவு கண்காணிக்கவில்லை. மோதலைத் தாங்கவேண்டிய தடுப்பணை முந்தைய ஒரு விபத்தில் நசுங்கி, செப்பனிடப்படாமல் கிடந்தது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இவை அனைத்தையும் தன் 2020ஆம் ஆண்டு முடிவில் பதிந்தது. ஒரு வினை நிகழ எட்டு வேண்டும் எனத் தொல்காப்பியம் கணக்கிடும். செய்பவனோடு நிலமும் காலமும் கருவியும் அவற்றுள் அடங்கும். விபத்து விசாரணைக்கு அதைவிடப் பொருத்தமான வினைக்கோட்பாடு கிடைப்பது அரிது.

பெயர்களின் வலிமையைச் சட்டமும் உணரத் தொடங்கியிருக்கிறது. 2025 மார்ச்சில் உதவி அமைப்பு இயங்கிக்கொண்டிருந்த ஒரு மின்கார் விபத்துக்குள்ளாகி மூன்று மாணவிகள் இறந்தபின், ‘தானியங்கி ஓட்டுதல்’, ‘அறிதிறன் ஓட்டுதல்’ போன்ற சொற்களை விளம்பரத்தில் ஆளக்கூடாது எனச் சீன அரசு தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. விளம்பரத்தில் ‘வண்டியே ஓட்டும்’, வழக்கு மன்றத்தில் ‘நீரே ஓட்டினீர்’ என்ற இரட்டை இலக்கணத்துக்கு இடம் தரக்கூடாது என்பதே அதன் உட்பொருள். ஜப்பானோ, காலின் பிழை என்று பெயரிட்ட பிறகும் காலைத் திட்டி அமையவில்லை; பெடலை மாற்றி மிதித்தால் வேகமெடுப்பைத் தடுக்கும் கருவியை 2028 செப்டம்பர் முதல் புதிய ஆட்டோமேட்டிக் கார்களுக்குக் கட்டாயமாக்குகிறது.

இந்தியச் சாலைகளிலும் மின்கார்களும் உதவி அமைப்புகளும் பெருகுகின்றன. பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவோ, வண்டியை ‘ஓட்டும்’ ஒருவரை முன்வைத்தே எழுதப்பட்டிருக்கிறது. பெடல் எவ்வளவு அழுத்தப்பட்டது, பிரேக் தொடப்பட்டதா, உதவி அமைப்பு இயங்கியதா என்பதற்கான பதிவு வண்டிக்குள்ளும் தயாரிப்பாளரின் சேவையகத்திலும் இருக்கிறது. அப்பதிவும் உணரி சொன்னதையே சொல்லும். கால் செய்ததை நேரே கண்டதில்லை. வழக்கில் ஒரு தரப்பாக நிற்கக்கூடியவரிடமே சான்றும் இருப்பது எந்த நீதிமுறைக்கும் உகந்ததன்று. தரவைச் சார்பற்ற ஆய்வாளர் திறந்து படிக்கவும், பாதிக்கப்பட்டவர் அதன் படியைக் கேட்டுப் பெறவும் வழி வேண்டும். அவ்வழி பிறக்கும்வரை, முதல் தகவல் அறிக்கையை எழுதும் காவலர் ‘ஓட்டி வந்து’ என்று தொடங்குமுன் ‘உதவி அமைப்பு இயக்கத்தில் இருந்ததா’ என்ற ஒரு வரியையாவது கேட்டுப் பதிந்துகொள்ளலாம். அதற்குச் சட்டத்திருத்தம்கூடத் தேவையில்லை.