எழுபது வளைவும் ஒரு பாட்டில் டிகாஷனும்!

நாமக்கல் ஆஞ்சநேயருக்கும் என் காருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. ரெண்டுக்குமே மேலே கூரை கிடையாது!

18 அடி உயரத்தில் வெட்டவெளியில் நிற்கிற அவர் கதை புராணம். என் கதை வெறும் இ.எம்.ஐ. ரெண்டே பேர் உட்காரக்கூடிய, செகண்ட் ஹேண்டில் வாங்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். வாங்கி மூன்று வருஷத்தில் சீட் கவர் மாற்றினேன், ஸ்பீக்கர் மாற்றினேன், வாரா வாரம் பாலீஷ் போட்டேன். பிரேக் ஆயில்..? அது மாற்றுகிற சமாச்சாரம் என்றே எனக்குத் தெரியாது சார்!

ஒரு சனிக்கிழமை, ஆபீஸ் நண்பனோடு கொல்லிமலைக்குக் கிளம்பினேன். காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு காற்று குளிர்கிறது. கீழே வயல்கள் கட்டம் போட்ட லுங்கி மாதிரி சுருங்கிக்கொண்டே போகின்றன. செம்மேட்டில் டீ, அறப்பளீஸ்வரர் தரிசனம், அப்புறம் ஆயிரத்துச் சொச்சம் படி இறங்கி ஆகாய கங்கையில் குளியல். திரும்ப ஏறி வந்தபோது முழங்கால் ரெண்டும் தந்தி அடித்தன.

வம்பே அங்கேதான். மூணாவது கியரில், பிரேக்கிலேயே காலை வைத்துத் தேய்த்தபடி மலை இறங்கினேன். பாதியில் ஏதோ கருகிய வாசனை. பெடல் பஞ்சு மாதிரி மெத்தென்று உள்ளே போனது. 'ஆயிரம் படி ஏறின கால், தளர்ந்து போச்சு' என்று நினைத்தேன்.

அடுத்த வளைவில் கால் தளரவில்லை. பெடல்தான் தரையைத் தொட்டது!

எதிரே ஒரு பஸ் ஏறி வருகிறது. வலது பக்கம் பள்ளம். பெடலை நாலு தடவை உதைத்து, ரெண்டாவது கியருக்கு இழுத்து, ஹேண்ட் பிரேக்கைத் தூக்கி... தடுப்புச் சுவருக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு சாண் இடத்தில் வண்டி நின்றது. அதுவரை வளைவுகளைச் சத்தமாக எண்ணிக்கொண்டு வந்த நண்பன், எண்ணுவதை நிறுத்திவிட்டான்.

அரை மணி கழித்துப் பெடல் பழையபடி கெட்டியானது. "டேய், சரியாயிடுச்சுடா!" என்றான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. முதல் கியரிலேயே ஊர்ந்து, நாமக்கல் வந்து சேர்ந்தோம்.

லாரிப் பட்டறைகளுக்கு நடுவே ஒரு கார் மெக்கானிக். பெரியவர். வண்டியைச் சுற்றி வந்தார். "எத்தன வருசமாச்சுங்க பிரேக் ஆயில் மாத்தி?"

தலையைச் சொறிந்தேன்.

"ஆயிலுங்கறது சும்மா வாய்ப்பழக்கம் தம்பி. நெசமாவே இஞ்சின் ஆயில ஊத்துனா உள்ள இருக்கற ரப்பரெல்லாம் ஊதிப் போயிரும். இது காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சிக்கிட்டே இருக்கும். தண்ணி சேந்தா சீக்கிரம் கொதிச்சிரும்."

அவர் சொன்னது கணக்கில் இப்படி: புது டாட்-4 திரவம் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. அதில் நூற்றுக்கு நாலு பங்குகூட ஈரம் சேர வேண்டாம், 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். மலை இறக்கத்தில் பிரேக் சூடு அதை எட்டினால், பைப்புக்குள் ஆவிக் குமிழி. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். நாம் மிதிப்பது குமிழியை, பிரேக்கை இல்லை! ஆறினால் குமிழி மறைந்து பெடல் நல்ல பிள்ளையாகிவிடும். அடுத்த இறக்கம் வரைக்கும்.

என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார். அவர் பின் இடது சக்கரத்தில், அதாவது தூரமான சக்கரத்தில், ஆரம்பித்தார். நிப்பிளில் ட்யூப், ட்யூப் முனையில் பாட்டில்.

"அமுக்குங்க... புடிச்சுக்குங்க..." நிப்பிளைத் திறந்து மூடுவார். "விடுங்க!"

மூடும் முன்னே காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும். மேலே டப்பா காலியானாலும் அதே கதிதான். நண்பன்தான் டப்பாவுக்குக் காவல். ஒரு துளி பெயின்ட் மேல் சிந்தியதும் பெரியவர் பாய்ந்து வந்து தண்ணீர் ஊற்றினார். இல்லாவிட்டால் என் மூன்று வருஷப் பாலீஷ் பெயின்ட்டோடு உரிந்திருக்குமாம்!

பாட்டிலில் முதலில் இறங்கியது கும்பகோணம் டிகிரி காபி டிகாஷன். நாலு சக்கரமும் முடிந்தபோது இளம் தேன் நிறம். பெடல் கல் மாதிரி நின்றது.

வேடிக்கை பார்த்த லாரி டிரைவர் ஒருவர் சிரித்தார். "எங்க வண்டிக்குக் காத்து இருந்தாத்தான் பிரேக்கு. உங்க வண்டிக்குக் காத்து இருந்தா பிரேக்கே இல்ல! ஏறுன கியர்லயே எறங்கோணுமுங்க தம்பி, அதுக்கு மேல தேவையில்ல."

பானெட்டுக்குள் ஒரு காகிதத்தில் தேதி எழுதி ஒட்டியிருக்கிறேன். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, சீல் பிரிக்காத புது டப்பா.

ஊர் திரும்பும் முன் ஆஞ்சநேயரைக் கும்பிட்டேன். வாயு புத்திரன் ஆயிற்றே!

'சாமி, உங்கப்பா லாரிக்குள்ளயே இருக்கட்டும். என் பிரேக் பைப் பக்கம் மட்டும் வரவேண்டாம்னு சொல்லி வைங்க!'