வராத ரயிலின் வரும்படி

நாவல் எழுதிப் பிழைக்கிறவனுக்கு உபதொழில் ஒன்று இருந்தே தீரவேண்டும். சிலருக்கு வாத்தியார் வேலை. சிலருக்கு மாமனார் வீடு. எனக்குக் கொஞ்ச காலம் தேர்தல் நோட்டீஸ் எழுதும் வேலை வாய்த்திருந்தது. திருவண்ணாமலையில் அச்சகம் வைத்திருந்த சிநேகிதர் ஒருவர்தான் அதற்குக் காரணம். ஓட்டுக் கேட்கப் போகிறவர்கள் அவரிடம் வந்து, "நாலு வரி நறுக்குன்னு வேணும்" என்பார்கள். அவர் என்னைக் கைகாட்டிவிடுவார். கூலி பெரிதல்ல. ஆனால் என் நாவல்களைப் படித்தவர்களைவிட அந்த நோட்டீஸ்களைப் படித்தவர்கள் பல மடங்கு அதிகம் என்பதில் எனக்கு ஒரு ரகசியமான கர்வம் இருந்தது.

அந்தக் கர்வம் எப்படிப் போயிற்று என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

2011 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வார்டுக் கவுன்சிலர் இரண்டாம் முறையாக நின்றார். நல்ல மனிதர். சாக்கடை அடைத்துக்கொண்டது என்று சொன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாமே வந்து நிற்பார். அவருடைய சங்கடம் சாக்கடையில் இல்லை, ரயிலில் இருந்தது.

திருவண்ணாமலைக்குத்தான் ரயில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, விழுப்புரத்துக்கும் காட்பாடிக்கும் நடுவே ஓடுகிற பழைய பாதை. ஆனால் சென்னைக்கு அதில் போக வேண்டுமானால் தெற்கே விழுப்புரம் போய்ச் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் வடக்கே காட்பாடி போய்ச் சுற்ற வேண்டும். நேர் வழி கீழ்பென்னாத்தூர், செஞ்சி, திண்டிவனம். அந்த வழியில் தேசிங்கு ராஜாவின் குதிரைக்குப் பிறகு ஓடுவது பஸ்தான். பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்துக் கால் வலியோடு வருகிற ஜனங்கள், பஸ்ஸின் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிற காட்சியைப் பார்த்தவர்களுக்கு இந்த ஊரின் ரயில் ஏக்கம் புரியும். சுமார் 70 கிலோமீட்டர் நீளத்தில் திண்டிவனம் – திருவண்ணாமலை புதிய பாதைக்கு 2006-07 ரயில்வே பட்ஜெட்டில் அனுமதி கிடைத்தது. அந்த ஆண்டு அக்டோபரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் நம் கவுன்சிலர், ரயிலின் சங்கொலி தம் காதில் விழுகிறது என்று சொல்லியே ஜெயித்தார்.

ஐந்து வருஷம் ஆயிற்று. ரயில் வரவில்லை.

"இந்தத் தடவை ரயிலைப் பத்தி ஒரு வார்த்தையும் வேணாம் சார். எவனாவது கேட்டா மாட்டிக்குவேன்" என்றார்.

"ரயிலைப் பற்றித்தான் எழுத வேண்டும்" என்று சொல்லி, அவருக்கு நான் நியூயார்க் நகர மேயரின் கதையைச் சொன்னேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பத்திரிகைகளில் படித்திருந்தேன்.

அந்த மேயரின் பெயர் மைக்கேல் புளூம்பெர்க். பெரிய கோடீஸ்வரர். 2007 ஏப்ரலில் அவர் ஒரு திட்டம் கொண்டுவந்தார். மன்ஹாட்டன் தீவின் நெரிசல் மிகுந்த பகுதிக்குள் பகலில் நுழைகிற காருக்கு 8 டாலர் கட்டணம். வசூலாகும் பணம் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும். நகர மன்றம் 2008 மார்ச் கடைசியில் ஒப்புக்கொண்டது. ஆனால் மாநிலச் சட்டசபையும் சம்மதிக்க வேண்டும். அங்கே அது வாக்கெடுப்புக்கே வரவில்லை. மத்திய சர்க்கார் தருவதாகச் சொல்லியிருந்த 35 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையும் கை நழுவிப் போயிற்று. தோல்வி என்றால் முழுத் தோல்வி.

மற்றவராக இருந்தால் போக்குவரத்து என்ற சொல்லையே மறந்திருப்பார். அவர் மறக்கவில்லை. இரண்டு முறைக்கு மேல் மேயராக இருக்கக் கூடாது என்ற விதியை 2008 அக்டோபரில் நகர மன்றத்தைக் கொண்டு மாற்றச் செய்து, மூன்றாம் முறை நின்றார். 2009 ஆகஸ்டில், தேர்தலுக்கு மூன்று மாதம் இருக்கையில், 33 அம்சங்கள் கொண்ட போக்குவரத்துத் திட்டம் ஒன்றை வெளியிட்டார். குறுக்குத் தெருக்களில் ஓடும் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது. நின்று நின்று போகும் ரயில் விரைவு ரயிலாகும். ஆற்றில் படகு விடப்படும். ஜனங்களுக்குக் கசந்த கட்டணத்தை அதில் காணோம். இனிப்பு மட்டும் இருந்தது.

இதில் ரசமான விஷயம் ஒன்று உண்டு. அந்த ஊர் ரயிலும் பஸ்ஸும் மேயரின் கையில் இல்லை. மாநிலத்தைச் சேர்ந்த ஒரு வாரியம் அவற்றை நடத்துகிறது. அதில் மேயருக்குச் சில இடங்கள் மட்டுமே உண்டு. தம் கையில் இல்லாததைத் தருவதாகச் சொன்னால், கொடுக்க முடியாமற் போனாலும் பழி நம்முடையதல்ல. கை விரித்தவன் வேறு ஒருவன் ஆகிவிடுகிறான். 2009 நவம்பரில் அவர் ஜெயித்தார். சொந்தப் பணம் பத்துக் கோடி டாலருக்கு மேல் செலவழித்தும், ஐந்து சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில்தான் என்பது வேறு கதை.

கவுன்சிலர் கதையைக் கவனமாகக் கேட்டார். "நம்ம கையிலயும் ரயில் இல்லியே சார்" என்றார், முகம் மலர்ந்து.

அன்று ராத்திரியே எழுதிக் கொடுத்தேன். "ஐந்து ஆண்டுகளுக்கு முன்னால் நம் ஊருக்கு ஒரு ரயில் புறப்பட்டது. அதை வழியில் நிறுத்தியவர்கள் யார்? அதைக் கொண்டுவந்து சேர்க்கப் போகிறவர் யார்?" யார் நிறுத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் ஒரு கேள்விக்குறியைப் போட்டால், படிக்கிறவர்கள் அவரவர்களுக்குப் பிடிக்காத ஆசாமியை அதில் மாட்டிக்கொள்வார்கள் என்பது மட்டும் தெரியும். தெரு விளக்கும் குழாய்த் தண்ணீரும் பார்க்கவேண்டிய வார்டுக் கவுன்சிலர் ஒருவர், 70 கிலோமீட்டர் ரயில் பாதையின் பேரால் ஜெயித்தார். எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்.

அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்குக் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து என் தாய்மாமா வந்திருந்தார். மிஞ்சிய நோட்டீஸ்களைத் திண்ணையில் அடுக்கி வைத்திருந்தேன். மாமா ஒன்றை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"நீ எழுதினதா?"

"ஆமாம் மாமா."

"அப்போ சரியாத்தான் இருக்கும்."

அவ்வளவுதான் சொன்னார். பொங்கலுக்குப் போனபோது விஷயம் தெரிந்தது. ஒரு காணி மல்லாட்டைக் கொல்லையை விற்று இரண்டு மனை வாங்கியிருந்தார். மனை விற்றவர் காட்டிய வரைபடத்தில், அந்த மனைகளுக்கு எதிரே ஒரு ஸ்டேஷன் பச்சை மையில் வரைந்திருந்தது. என் நோட்டீஸையும் மாமா மடித்துப் பத்திரத்தோடு வைத்திருந்தார். "பேத்தி படிப்புக்கு ஆவும்" என்றார். பேத்தி படிக்கப் போன வருஷம் அந்த மனைகளைப் போட்ட விலைக்குக்கூடக் கேட்க ஆள் இல்லை. மாமா வட்டிக்கு வாங்கினார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு இந்த விஷயத்தை அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். கட்டி முடித்த பாலத்துக்கு ஆயிரம் குறை சொல்லலாம்: சாய்வு சரியில்லை, தண்ணீர் தேங்குகிறது. கட்டாத பாலத்துக்கு ஒரு குறையும் கிடையாது. அதனால்தான் தோற்றுப்போன திட்டங்களுக்கு இவ்வளவு ஆயுள். சென்னைக்கு மோனோ ரயில் என்றார்கள். 2006-ல் ஆட்சி மாறியதும் அது போய் மெட்ரோ ரயில் வந்தது. 2011-ல் மறுபடி ஆட்சி மாறியதும் மோனோ ரயில் மறுபடி பேச்சுக்கு வந்தது. மெட்ரோ 2015-ல் ஓடத் தொடங்கியது. மோனோ ரயில் பேச்சிலேயே ஓடி நின்றது.

எல்லாரும் இப்படித்தான் என்று சொல்லி மனத்தை ஆற்றிக்கொள்ளவும் வழியில்லை. லண்டன் மேயர் கென் லிவிங்ஸ்டன் 2003 பிப்ரவரியில் அதே மாதிரிக் கார்க் கட்டணத்தை நிஜமாகவே விதித்தார். வசவையும் வாங்கிக்கொண்டு அடுத்த வருஷமே மறுபடி ஜெயித்தார். நியூயார்க்கிலும் தோற்ற திட்டம் சாகவில்லை. வேறு கைகள் அதைச் சுமந்து, 2019-ல் சட்டமாக்கி, 2025 ஜனவரி 5 அன்று 9 டாலர் கட்டணமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தன. ஆகவே, தோற்ற ஒன்றை விடாமல் பேசுவது பாவமில்லை. பேசாவிட்டால் பல நல்ல காரியங்கள் அடியோடு மறந்தே போகும். அது யார் கையில் இருக்கிறது, என்ன செலவாகும், எதனால் நின்றது என்பதை மறைத்துவிட்டுப் பேசுவதுதான் பாவம். தமிழ்நாட்டின் புதிய ரயில் பாதைகள் பலவற்றுக்குச் சில வருஷங்களில் பட்ஜெட்டில் பெயருக்கு ஆயிரம் ரூபாய் ஒதுக்கியதுண்டு. அந்த ஆயிரம் ரூபாயை நோட்டீஸில் போட்டால் யார் ஓட்டுப் போடுவார்கள்? ஆனால் மாமா கொல்லையை விற்றிருக்க மாட்டார்.

பத்து வருஷத்துக்கு மேல் நகராட்சித் தேர்தலே நடக்கவில்லை. 2022 பிப்ரவரியில் நடந்தபோது கவுன்சிலர் மறுபடி வந்தார். முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் வருத்தப்படவில்லை. நாலு நாள் கழித்து வீட்டு வாசலில் நோட்டீஸ் வந்து விழுந்தது. "புறப்பட்ட ரயிலை நிறுத்தியவர்கள் யார்?" என் வாக்கியத்துக்கு நான் தேவைப்படவில்லை. 2024-ல் ஊர் மாநகராட்சி ஆகி மேயர் பதவியும் வந்துவிட்டது. அந்த வாக்கியத்துக்கு இனி வேலை கூடத்தான் செய்யும்.

அதே 2024 மே மாதத்தில், சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் வரை வந்துகொண்டிருந்த ரயில் ஒன்றைத் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள். எங்கள் தெருவில் யாரும் அதைச் சொல்லி ஓட்டுக் கேட்டதில்லை. மாமாவுக்குக் கண் வைத்தியம் பார்க்க வேண்டியிருந்தது. விடிவதற்கு முன்னால் கிளம்புகிற அந்த ரயிலில் அழைத்துப் போனேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, மலை பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டே வந்தார். போளூர் தாண்டியதும் கேட்டார்:

"இது செஞ்சிப் பக்கம் போவாதா?"

"போகாது மாமா. காட்பாடி சுற்றித்தான் போகும்."

"அந்த ரயிலு எப்போ வரும்?"

"தெரியாது மாமா" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. துண்டால் ஜன்னல் கம்பியைத் துடைத்தபடியே சொன்னார்:

"இத அன்னிக்கே எழுதியிருக்கலாமேப்பா."