பட்டியலில் பெயர், வீட்டில் இடமில்லை



என் தவறு ஒன்றை உங்கள் முன் ஒப்புக்கொள்ளவே இதை எழுதுகிறேன். சென்ற மாதம் நம் அன்பியங்கள் ஒவ்வொன்றுக்கும் பங்கின் சொந்த வழங்கியில் மின்னஞ்சல் முகவரி அளித்தோம். "சரிபார்க்க ஒரு நாள் தாருங்கள், ஃபாதர்" என்றார் அதை அமைத்த இளைஞர். நானோ காத்திராமல் ஞாயிறு அறிவிப்புத் தாளில் முகவரிகளை அச்சிட்டுவிட்டேன்.

புதிதாக நம் பங்கிற்கு வந்த சகோதரி ஒருவர், தம் தாயாரின் 31ஆம் நாள் நினைவுத் திருப்பலிக்காக அம்முகவரிகளுள் ஒன்றுக்கு எழுதினார். மடல் எவரையும் சேரவில்லை. ஐந்து நாள்கள் கழித்து அவரிடமே திரும்பிற்று. அதற்குள் அந்த நாள் கடந்துவிட்டது. நாம் தம்மைப் புறக்கணித்ததாகவே அவர் எண்ணினார்.

நடந்தது இதுதான். முகவரிகள் பட்டியலில் இருந்தன. மடல்களை வைக்கும் அடைவுகள் உருவாகவில்லை. நம் வழங்கியிலுள்ள போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருள், முதல் மடல் வரும்போது அதற்குரிய அடைவைத் தானாகவே உருவாக்கும். ஆனால் மேல் அடைவில் எழுதும் உரிமை அஞ்சலுக்கான பயனர் கணக்கிற்கு இருக்க வேண்டும். அவ்வுரிமை நிர்வாகிக் கணக்கிடமே இருந்துவிட்டது. ஆகவே மடல் வரிசையில் காத்திருக்க, மென்பொருள் மீண்டும் மீண்டும் முயன்றது. அதன் இயல்பான வரம்பு 5 நாள்கள். தனியே அமைத்தாலன்றி, அதுவரை அனுப்பியவருக்கு எந்த எச்சரிக்கையும் செல்லாது.

உரிமையை மாற்றியதும், அடுத்த மடலுக்கே அடைவு தோன்றிற்று. உள்ளே மூன்று அறைகள்: எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் மடலுக்கு 'டெம்ப்', முழுமையாக வந்ததற்கு 'நியூ', அஞ்சல் செயலி எடுத்துக்கொண்டதற்கு 'கர்'. வருகிறவருக்காக இத்தனையையும் ஒரு நொடியில் ஆயத்தம் செய்கிறது ஓர் இயந்திரம்.

யோசேப்பும் மரியாவும் பெத்லகேமுக்குச் சென்றது பெயரைப் பதிவு செய்யவே. பெயருக்குப் பட்டியல் இருந்தது. பிறக்கவிருந்த பிள்ளைக்கு அறை இல்லை. நம் பங்குப் பதிவேட்டில் எழுதப்பட்ட புதியவர்களுள் எத்தனை பேரின் வீட்டு வாசலை நாம் மிதித்திருக்கிறோம்? இக்கேள்வியை முதலில் என்னிடமே கேட்கிறேன்.

அச்சகோதரியின் இல்லம் சென்று மன்னிப்புக் கேட்டேன். தேநீர் தந்து, தம் தாயாரைப் பற்றி நெடுநேரம் பேசினார். அவருடைய இசைவுடனேயே இதை எழுதுகிறேன். வரும் சனிக்கிழமை மாலைத் திருப்பலி அத்தாயாருக்காக ஒப்புக்கொடுக்கப்படும். தவறாமல் வாருங்கள், அவர் அருகில் அமருங்கள்.

இனி எழுதிய மடலுக்கு இரண்டு நாள்களில் பதில் வராவிடில், தயங்காது பங்கு இல்லத்திற்கு அழையுங்கள்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை